மூடி வைத்த முட்டைகள்

அதை வாத்துக்குஞ்சு என்றே எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினோம். மண்ணரைக் குளத்தில் நீந்தும். ஆள் அரவம் கேட்டால் டபக்கென்று முங்கிவிடும். "பாவமுங்க, தாயில்லாத குஞ்சு" என்பாள் என் மனைவி. தொண்ணூறுகளின் தொடக்கம். ஆறாம் மாதத்தில் கரு கலைந்து, பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டில் இருந்தாள். என்னிடம்கூட அதிகம் பேசுவதில்லை. சன்னலோரம் உட்கார்ந்து குளத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாதங்கள் போயும் குஞ்சு வளரவில்லை. அது முழுதாக வளர்ந்த பறவைதான் என்று கண்டுபிடித்தவள் அவளே. நூலகத்துப் புத்தகத்தில் படத்தைத் தேடிப் பிடித்தேன். வாலே இல்லாத உருண்டை உடம்பு, செம்பழுப்புக் கழுத்து: முக்குளிப்பான். அதன்பிறகு நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் அன்றைய சேதியை ஒப்பிப்பாள். எங்கே முங்கியது, எங்கே எழுந்தது, கோரைக்கு நடுவே பாசியைக் குவித்து எப்படி மிதக்கும் கூடு கட்டியது என்று. "எரை தேடப் போறப்ப முட்டைய பாசியில மூடீட்டுத்தானுங்க போகுது. காக்காய்க்குக்கூடத் தெரியாதுங்க."

குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துமாம் என்று படித்ததைச் சொன்னேன். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தாள். எனக்கோ அவள் பேசினால் போதும். அந்தப் பறவைக்குக் கோயில் கட்டச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்.

மாரியம்மன் நோம்பி வந்தது. திருவிழா முடிவில், கோயில் முன்னால் சாமியாக நட்டு வைத்த கம்பத்தைப் பிடுங்கிக் குளத்தில் விடுவது வழக்கம். சாமி இறங்கும் தண்ணீராயிற்றே என்று, கம்பெனிகள் கொட்டிய வேஸ்ட் துணியையெல்லாம் இளவட்டங்கள் தொரட்டியால் இழுத்துச் சுத்தம் செய்தார்கள். அன்று நாங்கள் ஊத்துக்குளியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம்.

திரும்பியபோது கரையில் ஈரக் குவியல். "பாசியும் துணியுமா மெதந்துச்சுங்கக்கா. முட்டை இருந்ததே தெரியலீங்க" என்றான் ஒருவன். பொய்யில்லை. பட்டுச்சேலையோடு அப்படியே உட்கார்ந்து என் மனைவி குவியலைக் கிளறினாள். எல்லாம் உடைந்திருந்தன. குளத்தில் அந்தப் பறவை ஒரே இடத்தில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டம்மாள் ஆறுதலாகத்தான் சொன்னாள்: "இன்னுங் கொஞ்சம் சூதானமா இருந்திருக்கோணும் அது." ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் என் மனைவியிடமும் சொந்தபந்தம் எல்லாம் இதையேதான் சொன்னது. அன்று வராத அழுகை இப்போது வெடித்துக்கொண்டு வந்தது.

"சூதானமாத்தானுங்கக்கா இருந்துச்சு. மூடி வெச்சுட்டுத்தானுங்க போச்சு."