ஒரு வெட்டு ஆழம்

படகுப் பட்டறையில் அவருக்குக் 'கோணல்' என்று பெயர். நேரான மரத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். வளைந்த கிளை வந்திறங்கினால் மட்டும் சுற்றிச் சுற்றி வருவார். அதைக் காலடியில் கிடத்தி, சின்ன மண்வெட்டி போலிருக்கும் வாச்சியால் கொத்திக் கொத்திச் செதுக்கி, படகின் விலாக்கட்டையாக்குவது அவர் வேலை. முப்பது வருடத்தில் வாச்சி அவர் காலில் பட்டதே இல்லை.

மனைவியின் தம்பி சொந்தப் படகு கட்டியபோதுதான் அது நடந்தது. யாரோ சொன்ன கேலிக்குச் சிரித்துக்கொண்டே ஓங்கியதில், நடுவிலாவில் ஒரு வெட்டு இரண்டு விரல்கடை ஆழம் இறங்கிவிட்டது. அதே வளைவில் இன்னொரு கட்டை கிடைக்க ஒரு மாதமாகும். மச்சினனோ அவசரப்பட்டான். அவர் மரத்தூளைப் பிசினில் குழைத்து அடைத்து, மேலே தார் பூசினார்.

மச்சினன் தடவிப் பார்த்து, "கைன்னா இது கை, மாமா!" என்றான்.

"போடா, போய் வேலையப் பாரு."

நாலாம் மாதம், பெரிய காற்றுகூட இல்லை, படகு நடுவில் பிளந்தது. கூடப் போன இருவர் பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தார்கள். மச்சினன் வரவில்லை. ஒதுங்கிய துண்டுகளில் அந்த விலாவும் கிடந்தது. முறிந்த இடத்தில் பிசின் பளபளத்தது. பட்டறை முதலாளியும் பார்த்தார்.

"வாயத் திறக்காத. போனவன் திரும்பி வரப்போறதில்ல."

ஒன்பது நாள் திறக்கவில்லை. பத்தாம் நாள், சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி சொன்னாள்: "சாப்பிடுங்க. நீங்க என்ன செய்வீங்க? உங்களால ஆனத நல்லாத்தானே செஞ்சு குடுத்தீங்க."

அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் கேட்டாள்: "இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க? சுமக்க முடியலன்னு எந்தலையில இறக்கி வெச்சிட்டீங்களா?"

மச்சினன் மனைவியிடமும் சொல்லிவிடலாம் என்று சட்டையை மாட்டினார். அவர் மனைவி வாசலை மறித்தாள்.

"அவளாவது நிம்மதியா அழட்டும்."

பிறகு அவர் வாச்சியைத் தொடவில்லை. பழப்பெட்டிகளுக்கு ஆணியடிக்கப் போனார். வீட்டில் வேளாவேளைக்குத் தட்டு வரும். வைத்தவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பதினோரு வருடம் இப்படியே ஓடியது.

அவர் இறந்த அன்று மச்சினன் மனைவிதான் வாய்விட்டு அழுதாள். "கூடப்பிறந்த அண்ணன் மாதிரி இருந்தாரே! எங்களுக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்ச மனுஷனாச்சே!"

அவர் மனைவி அவளுடைய தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.