வானத்துக்குப் போட்ட நீலம்

என் சித்தி வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட வேண்டும். காலையில் உள்ளே போனால் மாலை வரை ஆவியும் வெள்ளையும்தான். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது இமைக்குள் ஒரு நீலம் மெல்ல மிதந்து வருமாம்.

"கடல் நீலமும் இல்ல, சட்டை நீலமும் இல்ல. அதை ஒருதரம் வெளிய பாத்துடணும்" என்பாள்.

"கண்ணைத் திறந்தா நான் தெரியறேன், மூடினா நீலம் தெரியுது. எது தேவலை?" என்பார் சித்தப்பா. பார்சல் வண்டி ஓட்டுகிறவர்.

"மூடினாத்தான் நிம்மதி."

அந்த நீலத்துக்காகத்தான் அவள் வாணவேடிக்கைச் சங்கத்தில் சேர்ந்தாள். வாணம் செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் சிலர், முறையாக உரிமம் வாங்கி நடத்தும் சங்கம் அது. ஊருக்கு வெளியே வெடிமருந்து கலக்க ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் திறந்தவெளி. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் தங்கள் வாணத்தை ஏற்றிக் காட்டுவார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் சொந்தம். பெயரே அதுதான். சங்கத் தலைவரான பஸ் டிரைவருக்குச் சிவப்பு. சித்திக்கு நீலம். ஆனால் தொடர்ந்து மூன்று முறை நிறம் கைகூடாவிட்டால், அதை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். பெயரும் சேர்ந்து போய்விடும்.

சித்திக்கு இரண்டு முறை போய்விட்டது.

நீலம் ஏன் அவ்வளவு கஷ்டம் என்று நான் படித்துப் பார்த்தேன். சிவப்பு, பச்சையெல்லாம் கொஞ்சம் தவறினாலும் தாங்கிக்கொள்ளும். நீலம் தாமிரத்திலிருந்து வருகிறது. தீ கொஞ்சம் அதிகமாகச் சுட்டால் வெளுத்துவிடும். நிறத்தை அடர்த்தியாக்க ஒரு சேர்மானம் போடுவார்கள். அது கூடினால் புகை, குறைந்தால் சோகை. எல்லாவற்றையும்விட மோசம், வேறு பொருளின் கலப்பு. அதிலும் சோடியம் துளி இருந்தால் போதும், மஞ்சள் வந்து முன்னால் நின்றுகொள்ளும். நம் வீட்டு உப்பில் இருப்பதும் அதுதான்.

முதல் வருடம் சித்தி மலிவான மருந்துச் சரக்கு வாங்கினாள். கட்டி தட்டாமல் இருக்க அதில் ஏதோ பொடி கலந்திருந்தார்கள். வானத்தில் விரிந்தது பலமுறை துவைத்த துணி மாதிரி வெளிறிப்போயிருந்தது. அடுத்த வருடம், இருப்பதிலேயே தூய்மையான ரகத்தைத் தேடி வாங்கினாள். வெளிறல் குறைந்தது. ஆனால் ஓரமெல்லாம் மஞ்சள், பழைய வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டை போல.

பஸ் டிரைவர் கீழே நின்று சிரித்தார். "ஊர்த் துணிக்கெல்லாம் நீலம் போடுற, வானத்துக்குப் போட வரலையே! அடுத்த வருஷம் நீலத்தை என்கிட்ட குடுத்துடு. நான் பாத்துக்கறேன்." அன்றிலிருந்து அவர் அவளை 'நீலம்' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'சலவையம்மா' என்றார்.

சித்தி நேரே வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். அன்று கண்ணை மூடவே இல்லை.

சரக்கில் குறை இல்லை என்றால் எங்கே குறை? அவளுக்குப் பிடிபடவில்லை. அவளைவிடச் சுத்தமாக அந்தக் கொட்டகையில் யாரும் வேலை செய்வதில்லை. சல்லடை, மரக்கிண்ணம், பருத்தி மேலங்கி எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் சலவைக்கூடத்துக்குத் தூக்கிப்போய், சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயவைப்பாள். மற்றவர்கள் சும்மா தட்டிவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது வருடம், வாணம் ஏற்றும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சலவைக்கூடத்தில் சித்தி துணிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தோழி ஒருத்தி சோடா மூட்டையைப் பிரித்துக் கொட்ட, தூள் பறந்து அடுப்பில் விழுந்தது. நீலமாக எரிந்துகொண்டிருந்த தீ சட்டென்று மஞ்சளாகப் பூத்து, மறுபடி நீலமானது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"யக்கா, கஞ்சி பொங்குது! நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்று கத்தினாள் அந்தத் தோழி.

"இப்பத்தான் முழிச்சிருக்கேன்" என்றாள் சித்தி.

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சி வடித்த நீரில் நாலு துளி எடுத்து அடுப்பில் தெளித்தாள். தீ சிணுங்கியது, நிறம் மாறவில்லை. பிறகு அதே நீரில், கழுவிக் காயவைத்திருந்த சல்லடையை நனைத்து எடுத்து, அந்த நீரைத் தெளித்தாள். மஞ்சள். மரச்சட்டமும் துணிவலையும் வருடக்கணக்கில் சோடாவின் சோடியத்தைக் குடித்துவைத்திருந்தன. அவள் சலிக்கச் சலிக்க அது மருந்தில் இறங்கியிருக்கிறது.

"டீ போடுற அடுப்புல என்ன கூத்து இது?" என்றார் சித்தப்பா.

"அழுக்கு எதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"எது?"

"என் சுத்தம்."

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "அப்ப என் சட்டையையும் இனிமே சோடாவுல போடாதே. நானும் கொஞ்சம் நீலமாகிப் பாக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. புதுச் சல்லடை, புதுக் கிண்ணம், புது மேலங்கி வாங்கினாள். எதையும் சலவைக்கூடத்துப் பக்கம் கொண்டுபோகவில்லை. வடித்த நீரில் அலசியதோடு சரி. சோடா படாத பாத்திரத்தைச் சுத்தம் என்று அவள் மனசு ஒப்பவில்லை. "கை நமநமங்குதுடி" என்று என்னிடம் சொன்னாள். கொட்டகைக்குப் போகும்போது வேலைத் தூசு இல்லாமல் தலைக்குக் குளித்து, முடியைத் துணியால் கட்டிக்கொண்டு போனாள்.

வாணம் ஏற்றும் மாலை நானும் போயிருந்தேன். பொழுது சாய்ந்ததும் பச்சை ஏறியது, கைதட்டினார்கள். டிரைவரின் சிவப்பு வானத்தையே பற்றவைத்தது போல விரிந்தது. அடுத்து சித்தியுடையது.

சத்தம் கேட்டது. ஒன்றும் தெரியவில்லை. "புஸ்வாணமா?" என்று யாரோ சிரித்தார்கள். சித்தி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

சிவப்பைப் பார்த்துக் கூசியிருந்த கண் மெல்லத் தேறியது. அது ஏற்கெனவே அங்கே இருந்தது. இருட்டுக்கு உள்ளே இன்னொரு இருட்டு பூத்த மாதிரி, ஆழமாக, ஓரத்தில் துளி மஞ்சள் இல்லாமல். ஒரு பெரிய துணியை யாரோ நீலத் தொட்டியிலிருந்து தூக்கி உதறாமல் பிடித்துக்கொண்டிருப்பது போல இறங்கியது. யாரும் கைதட்டவில்லை. புல்லில் எங்கள் மூச்சு கேட்டது. பிறகு அது அணைந்து, வெறும் வானம் மிஞ்சியது.

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "இவ்வளவு மெதுவாத் தெரியுறதை என் சிவப்புக்குப் பின்னாடி வெச்சது என் தப்பு. அடுத்த வருஷம் முதல்ல நீ ஏத்து, நீலம்."

"சரிங்கண்ணே" என்றாள் சித்தி. அந்தப் பெயரைக் கேட்டதும் என் முழங்கையிலிருந்து அவள் கை தளர்ந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். சித்தப்பா எட்டிப்பார்த்தார்.

"என்ன, வந்திருக்கா?"

"இல்ல. வெறும் இருட்டுதான்."

"வருத்தமா?"

சித்தி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "அது வெளிய போயிருக்கு. வரும்போது வரட்டும்."