பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா

பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் அந்த அக்கா தினமும் என் பக்கத்தில் உட்காருவார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சிறிய சிலுவை, ஏசி குளிருக்குப் பழைய ஸ்வெட்டர். பஸ்ஸில் யார் எதை விற்க வந்தாலும், சேலையோ காப்புறுதியோ, "நாளைக்குச் சொல்றேன்லா" என்பார். கஞ்சத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் பஸ்ஸில், கைப்பேசியில் வந்த முதலீட்டுக் குழு ஒன்றுக்கு என் சேமிப்பு முழுவதையும் அனுப்பப் போனேன். சில மாதங்களில் இரட்டிப்பாகும் என்றார்கள்.

"என்னக்கா, ஃபோனையே பாத்துட்டிருக்கீங்க?" என்று அவர் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னைக்கே போடணுமாம். நாளைக்கு மூடிருவாங்களாம்."

"நல்ல எடம்னா நாளைக்கும் இருக்கும்லா. வேணாம்னு சொல்லலக்கா, உங்க காசு. ஒரு ராத்திரி தூங்கிட்டுப் போடுங்க."

எரிச்சலோடு கைப்பேசியைப் பையில் வைத்தேன். காலையில் எழுந்தபோது அவசரம் தணிந்திருந்தது. கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்று குழுவில் கேட்டேன். பதில் வரவில்லை. என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அன்னைக்குப் பக்கத்துல யாரும் இல்லக்கா" என்றார்.

அவருக்கு எவ்வளவு பணம் போனது என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவர் வேறு ஷிப்டுக்கு மாறிவிட்டார். என் மகள் இப்போது அந்தச் சேமிப்பில்தான் படிக்கிறாள். அவளுக்குக் கட்டணம் கட்டும்போதெல்லாம், பெயர்கூடத் தெரியாத அந்த அக்காவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.