ஒன்றுக்கு ஒன்றரை

காலை 5.40. பெரகல சந்தியில் பதுளை பஸ்ஸில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் விரிந்திருந்த கொப்பி. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.

"பரீட்சையாங்க சேர்?" என்றேன்.

"எனக்கில்லீங்க, ஹாலிஎலயில எம் புள்ளைங்களுக்கு. எட்டரைக்குக் கெமிஸ்ட்ரி. நான் சரித்திர வாத்தியார். ஆள் இல்லன்னு இதையும் என் தலையில கட்டிட்டாங்க."

கொப்பியில் ஓர் இரும்பு ஒட்சைட்டின் அனுபவச் சூத்திரம், அதாவது அணுக்களின் எளிய முழு எண் விகிதம். இரும்பு ஒன்றுக்கு ஒட்சிசன் ஒன்றரை என்று வந்திருந்தது. அரை அணு என்று எழுத முடியாது. இரண்டால் பெருக்கி, இரண்டுக்கு மூன்று என்று எழுத வேண்டும். அவர் அரையை வெட்டி, ஒன்றுக்கு ஒன்று என்றே கற்பித்திருந்தார். நேற்றுத்தான் பிழை தெரிந்ததாம்.

"பிள்ளைங்க யாரும் கேக்கலையா?"

"எப்படிங்க கேப்பாங்க? தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்கிற எடத்துல அரைக் கிலோவ வெட்டிட்டுத்தானே எழுதுறாங்க. எங்கம்மாவுக்கும் அப்படித்தான், அதுங்க அம்மாமாருக்கும் அப்படித்தான். அரைன்னா வெட்டுறதுதான்னு எங்களுக்குப் பழகிப்போச்சு."

பரீட்சை மண்டபத்துக்குள் போகுமுன் பிள்ளைகளை வாசலில் பிடித்துச் சொல்லிவிடலாம் என்றார். அப்புத்தளைக்கு அப்பால் மண் சரிந்து பஸ் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார்.

ஹாலிஎலயில் அவர் இறங்கியபோது மணி எட்டு ஐம்பது.