காதல் நாவலும் கோழிநோய் ஆராய்ச்சியும்

ஆய்வகத்தில் நடக்கும் காதல் நகைச்சுவை நாவலால் யாருக்கு என்ன பயன்? நாமக்கல் பேருந்தில் அப்படியொரு நாவலைப் படித்துக் குலுங்கிச் சிரித்த பக்கத்து இருக்கைப் பெண்ணிடமே கேட்டேன். தடித்த கண்ணாடி அணிந்த அவர், கோழிநோய் பற்றி ஆராயும் மாணவி. சிரிப்பு வந்த பக்கங்களையெல்லாம் முனை மடித்துக்கொண்டே வந்தார்.

“அம்மாவுக்குப் போன்ல படிச்சுக் காட்டத்தானுங்க்கா மடிக்கறேன். ஆராய்ச்சிய உட்டுட்டுக் கல்யாணம் பண்ணிக்கோன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. இப்பத் தெனமும் கதை கேக்கறாங்க.”

“கதையில வர்ற ரெண்டு பேரும் சேருவாங்களான்னா கேக்கறாங்க?”

“இல்லீங்க்கா. ‘கல்யாணம் கெடக்குது, அந்தக் கதாநாயகிப் புள்ள ஆராய்ச்சிய முடிச்சாளா?’ன்னுதான் கேக்கறாங்க. நேத்து என்னையும் முடிச்சுட்டே வரச் சொல்லிட்டாங்க.”

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு நூல்களைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அதன்பின் காதல் நாவல்களை நான் ஒதுக்குவதில்லை.