இடது டிடெக்டரில் எண்ணிக்கை குறைந்தது

ஆயுத பூசை விடுமுறை முடிந்து லேபைத் திறந்த அன்று, இடது டிடெக்டரில் எண்ணிக்கை குறைந்திருந்தது. அதற்கு முந்தின வாரம்வரை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்துகொண்டிருந்தது.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் லேப் அட்டெண்டர். ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அந்த டிடெக்டர்களை வைத்து நடக்கும் சோதனை பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். லேசர் ஒளியை மங்க வைத்து மங்க வைத்து, ஒவ்வொரு துளியாக அனுப்புவார்கள். துளிக்குப் பெயர் போட்டான். நடுவில் ஒரு கண்ணாடி. துளி அதைக் கடந்து நேரே போனால் வலது டிடெக்டர், திரும்பினால் இடது. விழுந்ததும் கம்ப்யூட்டரில் எண் ஏறும்.

"அடுத்தது எங்குட்டுப் போகும் மேடம்?" வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கழித்து, சோதனையை நடத்தும் மீனாள் மேடத்திடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"யாருக்கும் தெரியாதுண்ணே."

"மிசின் இன்னும் நல்லதா இருந்தா?"

"எம்புட்டு நல்ல மிசினா இருந்தாலும் தெரியாது. உள்ளுக்குள்ள ஏதோ காரணம் ஒளிஞ்சிருக்குன்னு சில பேர் சொல்றாக. காரணமே கெடையாதுன்னு சில பேர் சொல்றாக."

காரணமே இல்லாமல் ஒன்று நடக்குமா? எனக்கு விளங்கவில்லை. தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை வெளியூர்க் குழு வந்து சோதனையைப் பார்ப்பதாக இருந்தது. அவர்கள் சரியென்றால்தான் மேடத்தின் திட்டம் தொடரும். மேடமும் ஆராய்ச்சி மாணவர் ஷாகுலும் மூன்று நாள் ஒயரை மாற்றினார்கள், ஏசியைக் கூட்டிக் குறைத்தார்கள். எண்ணிக்கை ஏறவில்லை.

"சேவுகன் அண்ணே, இந்தப் போட்டானும் ஒங்களை மாதிரித்தான். ஆளப் பாத்தா இடப்பக்கம் வரக் கூச்சப்படுது" என்றார் ஷாகுல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூசையன்று எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான். சோதனை மேசையை மட்டும் விட மனம் வரவில்லை. டிடெக்டரின் முகப்புக் கண்ணாடியைத் தொடக்கூடாது என்று தெரியும். அதனால் இரண்டு டிடெக்டருக்கும் உலோக விளிம்பில்தான் வைத்தேன். விடுமுறை முடிந்ததும் யாரும் வருமுன் துணியால் துடைத்தேன். இடதுபக்கம் சந்தனம் காய்ந்து பொருபொருவென்று உதிர்ந்தது.

சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். காரணமே இல்லாமலும் நடக்கும் என்று மேடமே சொன்னார்களே, இதுவும் அந்த வகையாக இருக்கலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

வியாழக்கிழமை மேடம் போனில் யாரிடமோ, "வர வேண்டாம்னு சொல்லிடுங்க சார். என் ரீடிங்கை நானே நம்பலை" என்றார்கள். போனை வைக்கும்வரை வாசலில் நின்றேன்.

"மேடம், பொட்டு வச்சேன்."

"யாருக்கு?"

"இடது டிடெக்டருக்கு. வலதுக்கும் வச்சேன். அது உதிரலை."

மேடம் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இடது டிடெக்டரின் முகப்புக் கண்ணாடியில் மஞ்சளாகத் தூசி. அதற்கென்று உள்ள திரவத்தையும் தாளையும் எடுத்து அவர்களே துடைத்தார்கள். எண்ணிக்கை பழையபடி ஏறியது. ஷாகுல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

"மூணு நாளா இங்கனதானே நின்னீக? சொல்ல வாய் வரலையாக்கும்?" என்று மேடம் சத்தம் போட்டார்கள். பிறகு ஒரு நோட்டை என் கையில் வைத்தார்கள். "இனிமே இந்த ரூமுல தும்முனாக்கூட இதுல எழுதணும்."

உடனே அந்த நம்பருக்கே போன் போட்டு, வரச் சொன்னார்கள். குழு வந்தது, பார்த்தது. திட்டம் தொடர்கிறது. என் வேலையும்தான்.

அன்று மாலை மறுபடி கேட்டேன். "இப்ப எல்லாம் சரியாயிருச்சே மேடம். அடுத்த துளி எங்குட்டுப் போகும்?"

"அது இப்பவும் தெரியாதுண்ணே."

எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று நாளும் அது என்னிடம்தான் இருந்தது. துளிக்கும் அப்படி ஒன்று இருந்து சொல்லாமல் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா? இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். என்னிடம் இருப்பதை மட்டும் அன்றன்றே நோட்டில் எழுதிவிடுகிறேன்.