மெத்தையக்கா அறை பார்த்த கதை

தெருவில் எல்லோரும் அவளை மெத்தையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெத்தை செய்யும் தொழிற்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக விளிம்பு தைக்கிறாள். கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினால் போதும், உள்ளே பஞ்சா, நாரா, ஸ்பிரிங்கா, எத்தனை வருடப் பழசு என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். ஆனால் அவளுக்குத்தான் தூக்கம் வராது. குனிந்து தைத்தே இடுப்பு போயிருந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஊர் சுற்றக் கிளம்பினாள். கூட வந்தது தங்கை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவி அடுக்குகிறவள், வாய் ஓயாதவள். பெரிய நகரம், மூன்று நாள் திட்டம். எங்கே தங்குவது என்று ரயில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரே சண்டை.

"ஸ்டேஷன் பக்கத்துலயே லாட்ஜ் இருக்கு. கண்ண மூடினா எல்லா ரூமும் ஒண்ணுதான்டி."

"நீ எங்க கண்ண மூடறக்கா? மொட்ட மாடியில நீச்சல் குளம் இருக்கிற ஓட்டல் ஒண்ணு இருக்கு. ஒரு தடவையாவது போலாம்."

"குளத்துல முங்கறதுக்கு மூணு மடங்கு வாடகையா? உனக்குக் கொழுப்பு!"

கடைசியில் இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சமாதானம் ஆனது.

லாட்ஜில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடித்தது. அக்கா மெத்தையில் முழங்கையை ஊன்றினாள். "நடுவுல குழி. படுத்தோம்னா ரெண்டு பேரும் உருண்டு வந்து முட்டிக்குவோம்" என்றவள், உடனே, "பரவால்ல, இதையே எடுத்துக்கலாம்" என்றாள். தங்கை விடவில்லை. பையோடு அக்காவையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பெரிய ஓட்டலில் சீருடை போட்ட பெண் ஒருத்தி லிஃப்டில் ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிப்போய் அறையைத் திறந்துவிட்டாள். அக்கா நேராகக் கட்டிலுக்குப் போனாள். முழங்கையால் அமுக்கினாள். இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினாள். விளிம்புத் தையலைத் தடவிப் பார்த்தாள். எங்கும் குறை சிக்கவில்லை. முகம் கடுகடுவென்று ஆனது.

"நடுவுலயும் பாத்துடறேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தாள்.

அவ்வளவுதான். பட்டப்பகலில், பன்னிரண்டு மணிக்கு, குறட்டை கிளம்பியது.

தங்கை தோளைப் பிடித்து உலுக்கினாள். குறட்டை சுருதி மாறியதே தவிர நிற்கவில்லை. சீருடைப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி, "ரூம் பாத்தாச்சா?" என்று கேட்டது.

"பாத்துக்கிட்டே இருக்காங்க சார்" என்றாள் அவள்.

அதற்குமேல் இருவராலும் அடக்க முடியவில்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு தங்கை கீழே போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

அக்கா கண் விழித்தபோது மணி இரண்டு. "அடிப்பாவி, எழுப்பக் கூடாது? மானம் போச்சு!"

"மானமெல்லாம் போகல, காசுதான் போச்சு. ரூம் எடுத்தாச்சு. ஆனா ரெண்டு நாளுக்குத்தான் கட்டுப்படியாச்சு."

திட்டப்போகிறாள் என்று தங்கை காத்திருந்தாள். அக்கா எழுந்து நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பினாள். வலியே இல்லை. இன்னொரு தடவை திருப்பினாள். அதுவே ஒரு ஆட்டம் போல ஆகிவிட, கட்டிலைச் சுற்றி இரண்டு சுற்று ஆடியே வந்தாள்.

இரண்டு நாளும் அவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்தார்கள். காரணமே இல்லாமல் லிஃப்டில் ஏறி இறங்கினார்கள். நகரத்தில் பார்க்க வேண்டிய இடங்களில் பாதியைப் பார்க்கவில்லை. மத்தியானமானால் அக்கா தூங்கப் போய்விடுவாள்.

ஒரு நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கதவைத் திறந்த அக்காவின் கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க? ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்த அக்கா தங்கையைப் பார்த்தாள். பையை அப்படியே வாசலில் போட்டுவிட்டு, சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.